திருகோணமலையில் ஒரு தம்பியின் கல்லறை

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசரைக் கும்பிடுவார்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பார்கள். நானும் இரண்டையும் செய்தேன். ஆனால் நான் கிளம்பி வந்தது ஒரு கல்லறையைப் பார்க்கத்தான்.

எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் பூட்டியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர், "யாரைத் தேடுகிறீர்கள், பிள்ளை?" என்றார். ஓர் அட்மிரலை என்றேன். உள்ளே போய்ச் சாவி வைத்திருப்பவருக்குப் போன் செய்தார். கதவு திறந்ததும் என்னுடன் அவரும் வந்தார்.

கல்லில் பாசி படிந்திருந்தது. விரலால் தடவித்தான் பெயரைப் படித்தேன். ஓர் எழுத்தின் பள்ளத்துக்குள் எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. சார்லஸ் ஆஸ்டின். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் ஒரே தம்பி.

எனக்கு இவர்மேல் பிரியம் வந்தது ஒரு சங்கிலியால். 1801-இல் இவருடைய கப்பல் எதிரிக் கப்பல் ஒன்றைப் பிடித்தது. பங்காகக் கிடைத்த பணம் 30 பவுன். அந்தக் காலத்துக் கடற்படை அதிகாரிக்குச் சம்பளத்தைவிடப் பெரிய நம்பிக்கை இந்தப் பரிசுப் பணம்தான். கையில் காசு வந்த உடனே இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகச் சிலுவையும் வாங்கிவிட்டார். ஜேன் தன் கடிதத்தில் இதைச் செல்லமாகக் கடிந்துகொள்கிறார். பிறகு அவர் எழுதிய நாவல் ஒன்றில் கடற்படை அண்ணன் தங்கைக்குச் சிலுவை வாங்கித் தருகிறான்.

அடுத்து, அட்லாண்டிக் கடலில் ஆங்கிலேயர் ஆண்ட பெர்முடா தீவு. துறைமுகத்துக்கு வரும் இளம் அதிகாரிகளுக்குக் காலனியின் பெரிய வீடுகள் விருந்து வைக்கும். கல்யாணங்கள் அங்கேதான் கூடிவரும். சார்லஸ் 1807-இல் மணந்த ஃபேன்னி பாமர், அந்தத் தீவின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவரின் மகள். அவளுடைய அக்காள் கணவர் தலைமை நீதிபதி. கப்பலும் கோர்ட்டும் ஒரே உறவுக்குள் அடங்கிவிட்டன. அத்தீவின் பெரிய வீடுகளில் சமைத்ததும் துவைத்ததும் அடிமைகள். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை என்பது இந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது உறுத்தியது.

இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு, தனி வீடு எடுக்காமல், ஷியர்னஸ் அருகே நின்ற 'நாமூர்' போர்க்கப்பலிலேயே குடும்பம் நடத்தினார்கள். மூத்த பெண்ணுக்குக் கப்பல் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி எடுத்துத் துவண்டுபோவாள். பீரங்கிகளுக்கு நடுவே பிள்ளைகளை வளர்த்த ஃபேன்னி, 1814-இல் நான்காவது பிரசவத்துக்குப் பின் அதே கப்பலில் இறந்தாள். வயது 24. குழந்தையும் நிலைக்கவில்லை. பிறகு அவளுடைய அக்காள் ஹாரியட்டையே சார்லஸ் மணந்துகொண்டார்.

எழுபது வயதைத் தாண்டியும் ஓய்வில்லை. 1850-இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைவரானார். 1852-இல் ஆங்கிலேயர் நடத்திய பர்மாப் போர். ரங்கூனின் பர்மிய ஆளுநர் இரண்டு ஆங்கிலேயக் கப்பல் தலைவர்களிடம் தண்டம் வசூலித்தார் என்ற வழக்கு அது. சில நூறு பவுன் விவகாரம், தென்பர்மாவின் பெகு நாட்டையே ஆங்கிலேயர் விழுங்கியதில் முடிந்தது. இந்தப் போரை என்னால் மன்னிக்க முடியவில்லை. சென்னை ராணுவத்துச் சிப்பாய்களும் அங்கே போய்ச் செத்தார்கள். அவர்களுக்கு இப்படிக் கல் வெட்டி யாரும் வைக்கவில்லை. அக்டோபர் 7 அன்று, ஐராவதி ஆற்றில் 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலில், வாந்திபேதி கண்டு சார்லஸ் இறந்தார். வயது 73. உடலை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள்.

பெரியவரிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். பர்மாவைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தச் சங்கிலி, அக்காவுக்கா தங்கைக்கா?"

"இரண்டு அக்காமாருக்கு, ஐயா."

குனிந்து, கல்லின் ஓரத்தில் முளைத்திருந்த அருகம்புல்லைக் கொத்தாகப் பிடுங்கிப் போட்டார். நான் மறுபக்கத்தில் உட்கார்ந்து பிடுங்கத் தொடங்கினேன்.