டிசம்பர் துணி

நவம்பர் 17, 2024, ஞாயிறு

மகளிர் குழுவில் முடிவாகிவிட்டது. சுனாமி நினைவுநாளின் 20ஆம் வருஷத்துக்குப் பூவும் மெழுகுவத்தியும் மட்டும் போதாதாம். ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு பெரிய துணி தைத்து, நினைவுத் தூணுக்குப் பக்கத்தில் கட்ட வேண்டும். வீட்டுக்கு ஒரு சதுரம், அடிக்கு அடி. யோசனை டீச்சருடையது. திருச்சிக்காரப் பெண், நல்ல மனசு. "போனவங்க உடுத்தின துணியில ஒரு துண்டு கொண்டு வாங்க" என்றாள். கூடத்தில் ஒருத்தரும் பேசவில்லை. எதிர்வீட்டு அத்தைதான் வாயைத் திறந்தாள்: "துணி எங்கம்மா இருக்கு?"

நவம்பர் 18

வீடே போன இடத்தில் பீரோ எங்கே, புடவை எங்கே. பலருக்கு உடம்பில் இருந்ததைக்கூடக் கடல் விட்டுவைக்கவில்லை. எங்களிடம் இருப்பதெல்லாம் அதற்கப்புறம் வந்த துணிதான்.

வந்த துணி என்றதும் ரோட்டோரக் குவியல்கள் ஞாபகம் வருகின்றன. லாரி லாரியாகப் பழந்துணி. ஸ்வெட்டர், பித்தான் போன சட்டை, கறை பிடித்த புடவை. யாரும் தொடவில்லை. ஆடு மாடுதான் மிதித்துக்கொண்டு திரிந்தது. "என்ன திமிர் இந்தச் சனத்துக்கு" என்று காதுபடவே பேசினார்கள். முந்தின நாள் வரை மீன் விற்று, பவுன் வாங்கி, தீபாவளிக்குப் பட்டு எடுத்த சனம். ஊரான் அவிழ்த்துப் போட்டதை எப்படிக் கட்டும்? இன்றைக்கும் எனக்கு அதில் கோபம் தீரவில்லை. அனுப்பியவர்கள்மேல் இல்லை. பேசியவர்கள்மேல்.

நவம்பர் 21

அத்தை மஞ்சள் வாயில் புடவை ஒன்றைக் கொண்டுவந்து என் மிஷின்மேல் வைத்தாள். அந்தக் குவியலிலிருந்து எடுத்ததாம். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கட்ட ஒன்றும் இல்லாமல், இருட்டினப்புறம் போய் எடுத்து வந்தாளாம். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. "எந்த மகராசி கட்டினதோ. இதுலயே என் சதுரத்த வெட்டு" என்றாள். முந்தானையில் வேறு யாரோ ஓட்டுத் தையல் போட்டு ஒரு கிழிசலை அடைத்திருக்கிறார்கள். தையல் அவ்வளவு நெருக்கம். அந்த இடத்தையே நடுவில் வைத்து வெட்டினேன்.

நவம்பர் 23

பச்சைப் பாவாடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது இருப்பது யாருக்குத் தெரியும்?

நவம்பர் 27

மழை. படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை. வீட்டில் இவருக்கும் எனக்கும் மூன்று வேளையும் சண்டை.

நவம்பர் 30

புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறுகிறதாம். டிவியில் அந்தச் சுழல் படத்தைக் காட்டும்போதெல்லாம் இவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார்.

டிசம்பர் 2

கூடத்தில் ஒழுக்கு. தைத்து அடுக்கியிருந்ததெல்லாம் ஈரம். ஒரு சிவப்புச் சுங்குடி சாயம் விட்டு, பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஸாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டும் போகவில்லை. டீச்சர் அழாத குறை. வேறு வெள்ளை வைத்துத் தைக்கலாம் என்றாள். வெள்ளைக்குச் சொந்தக்காரக் கிழவி, "இருக்கட்டும் விடு, ரெண்டு பேரும் ஒரே படகுலதான் போவாங்க" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

டிசம்பர் 5

பெயர் எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரமாக இழுபறி. நாகை மாவட்டத்தில் மட்டும் 6065 பேர் என்பது அரசுக் கணக்கு. ஆளுக்கொரு முடிச்சுத் தையல் போடலாமே என்கிறாள் டீச்சர். எங்கள் ஊர் ஆட்களுக்குப் போட்டுவிடலாம். பேர் தெரியாமல் ஒரே குழியில் சேர்த்துப் போட்டவர்களுக்கு? கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி மாதாவைப் பார்க்க வந்து, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரையில் நின்றவர்களுக்கு? அவர்கள் எந்த ஊர், எந்த மொழி, யார் வீட்டுச் சதுரத்தில் சேர்ப்பது? ராத்திரியெல்லாம் இதே யோசனை. கடைசி வரிசையை ஒன்றும் எழுதாமல் வெறும் துணியாக விடச் சொல்லப் போகிறேன். பஞ்சாயத்தார் அதற்கும் ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும், தைக்கிறது அவர்களா?

இன்னொன்று. புருஷன் பேரை இன்றுவரை வாயால் சொல்லாத கிழவிகள். எழுதவும் தெரியாது. பேரன் பென்சிலால் எழுதிக் கொடுக்க, அந்தக் கோட்டின் மேலேயே சங்கிலித் தையல் போடுகிறார்கள். ஒருத்தி எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, "இது என்ன எழுத்து?" என்று பேரனைக் கேட்டுக் கேட்டுத் தைத்தாள். அவன் முழுப் பேரையும் சத்தமாகப் படித்ததும் வெட்கம் வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

டிசம்பர் 8

கடற்காற்றில் இவ்வளவு பெரிய துணி நிற்காது, பாய் விரித்த மாதிரி உப்பிக் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விடும் என்றார் பெரியப்பா. சரிதான். பழைய வலை ஒன்றை அவரே தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சதுரங்களுக்கு நடுவில் நாலு விரல்கடை இடம் விட்டு, வலையோடு சேர்த்து முடிந்தால் காற்று கண்ணி வழியாகப் போய்விடும். மேல் கயிற்றில் மிதவைகளை அப்படியே விட்டுவிட்டார். கீழ் ஓரத்தில் ஈயக்குண்டு. வலை ஊசியைப் பிடித்தால் அந்த எண்பது வயசுக் கை நடுங்குவதே இல்லை. டம்ளரைப் பிடித்தால்தான் நடுக்கம்.

இதுவரை இது பொம்பளைங்க வேலை என்று எட்டியே நின்ற ஆம்பளைகள், வலை வந்ததும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சிரிப்புத்தான் வந்தது.

டிசம்பர் 12

மறுபடி மழை. சின்னவள் போன் செய்தாள். காலேஜ் லீவாம். சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது.

டிசம்பர் 13

கார்த்திகை தீபம். ஒரு விளக்கும் நிற்கவில்லை.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. நாலரை மணிக்கே கோயில் ஸ்பீக்கர். அந்த வருஷமும் இதே மார்கழிதான், பௌர்ணமி. இந்த மாதத்தில் எனக்குத் தூக்கம் வராது. அதற்கு மருந்து தருகிறேன் என்றவர்களிடம் போவதையும் நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 19

எல்லா வீட்டுச் சதுரமும் வந்துவிட்டது, என்னுடையதைத் தவிர. டீச்சர் கேட்கவில்லை. ஆனால் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடுத்த வரிசையை முடிகிறாள்.

பொங்கலுக்கென்று நாகை டவுனில் தைக்கக் கொடுத்தது. டெய்லர் கடையில் இருந்ததால் தப்பியது. தை மாதம் கடந்தும் நான் போகவில்லை. அவரே விசாரித்துக்கொண்டு முகாமுக்கு வந்து, பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. பச்சை, அரக்கு பார்டர். ஒருநாளும் உடுத்தாத பாவாடை. இதில் எங்கே கத்திரி வைப்பது?

டிசம்பர் 22, ஞாயிறு

சின்னவள் வந்திருக்கிறாள். அவளாகவே பெட்டியைத் திறந்து பாவாடையை எடுத்தாள். "எனக்கு ஏழு வயசுல ஏம்மா இத போட்டு விடல?" என்றாள். பதினெட்டு வயசில் கேட்கிறாள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவளுக்குக் குழாயை மறுபடி இணைக்கிற ஆபரேஷனுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது, இணைத்தார்கள், நீ பிறந்தாய் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். அக்கா ஒருத்தி வரவேண்டிய இடத்தில் தன்னை வைத்துவிட்டார்கள் என்று ஒருதரம் கோபத்தில் சொல்லியும் இருக்கிறாள். நான் பதில் சொல்லாமல் உலை வைக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் பாவாடையை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வளர வளரப் பிரித்துவிடலாம் என்று டெய்லர் உள்ளே ரெண்டு டக் வைத்திருந்தார் அல்லவா, அதைக் காட்டினாள். "இத மட்டும் வெட்டி எடுத்தா பாவாடை அப்படியே இருக்கும்மா. நீளங்கூடக் குறையாது."

டிசம்பர் 23

டக்கைப் பிரித்தோம். மடிப்புக்குள் இருந்த பச்சை வேறு பச்சை, கடையில் வாங்கின அன்று பார்த்த நிறம். பட்டை பட்டையாக வெட்டிச் சேர்த்தால் சரியாக அடிக்கு அடி வருகிறது. மிஷினில் அவளே ஓட்டினாள். தையல் கோணல். பிரிக்கச் சொல்லி வாய் வரைக்கும் வந்தது.

டிசம்பர் 25

பெரியவள் பேரைப் போடுவதா என்று கேட்டாள். ரெண்டு பேர் பேரையும் போடு என்றேன். உயிரோடிருப்பவர் பேரைப் போடலாமா என்று அத்தை சத்தம் போட்டாள். போட்டாகிவிட்டது.

டிசம்பர் 26, வியாழன், விடிகாலை

ஈயக்குண்டு குறைகிறது. பெரியப்பா தன் வலையிலிருந்து கழற்றி வரப் போயிருக்கிறார். மந்திரி வரும்போது யார் எந்த மூலையைப் பிடிப்பது என்று இன்னும் சண்டை ஓயவில்லை. அத்தை முன்னால்தான் நிற்பாளாம். நிற்கட்டும். டீ கேன் வந்ததா என்று பார்க்க வேண்டும்.