நான்கு ஊர்கள், ஓர் ஆம்புலன்ஸ் நிலையம்: வெர்மான்ட் நாட்குறிப்பு

2024 அக்டோபர் 9, புதன்

பக்கத்து ஊரின் ஆம்புலன்ஸ் குழுவிடமிருந்து வந்த கடிதம் இன்று மாலை எங்கள் ஊர் நிர்வாகக் குழுவின் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. தலைக்கு இவ்வளவு என்று நாங்கள் செலுத்திவரும் பங்குத்தொகை, வருகிற ஜூலை 1 அன்று தொடங்கும் நிதியாண்டிலிருந்து இரு மடங்குக்கும் மேலாக உயரும் என்றும், அதற்கு உடன்படாத ஊர்களுக்குச் சேவையைத் தொடர இயலாது என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கவுன்ட்டி (பல ஊர்களை உள்ளடக்கிய வட்டாரம்) அளவில் வரி வாங்கி இத்தகைய சேவைகளை நடத்தும் வலுவான நிர்வாகம் கிடையாது. சாலை, தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆகியவற்றைச் சில நூறு பேரோ சில ஆயிரம் பேரோ வாழும் ஊர்களே தங்கள் சொத்து வரியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊருக்கெனத் தனி ஆம்புலன்ஸ் இல்லை. நான்கு ஊர்கள் சேர்ந்து ஒரே நிலையத்தை நம்பியிருக்கிறோம். வரவு செலவு ஆலோசனைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர் என்பதால், இந்தப் பேச்சுவார்த்தை ஒரு முடிவுக்கு வரும்வரை நடப்பவற்றை இங்கே பதிந்துவரப் போகிறேன்.

தமிழ்நாட்டிலுள்ள உறவினர்கள், "அங்கே 108 மாதிரி அரசாங்கமே நடத்தாதா?" என்று கேட்கிறார்கள். 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்தச் சேவைக்கு மாநில அரசு பணம் தருகிறது. நோயாளியிடம் எவரும் கட்டணம் கேட்பதில்லை. இங்கே 911ஐ அழைத்தால் வண்டி வருகிறது, ஆனால் அந்த வண்டியை யாருடைய பணத்தில் நிறுத்திவைப்பது என்பதை ஊரும் ஊரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவுசெய்கின்றன.

அக்டோபர் 21, திங்கள்

நிலையத்தின் கணக்குகளைப் பார்க்க இன்று அனுமதித்தார்கள். கடிதத்தைப் படித்தபோது எழுந்த கோபம், கணக்கேட்டைப் படித்தபோது பெரும்பாலும் தணிந்துவிட்டது.

ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். ஒரே ஒரு வண்டியை இருவரோடு இரவும் பகலும் ஆயத்தமாக வைத்திருக்க 336 பணிமணி வேண்டும். ஒருவர் வாரத்திற்கு 42 மணி நேரம் வேலை செய்வார் என்று கொண்டால், விடுப்பும் நோயும் கணக்கில் சேராமலே எட்டுப் பேர் தேவை. அழைப்பு ஒன்று வந்தாலும் பத்து வந்தாலும், ஒன்றுமே வராவிட்டாலும், அந்த எட்டுப் பேரின் சம்பளம் மாறாது. இதுவரை இந்தச் சுமை வெளியே தெரியாமல் இருந்ததற்குத் தன்னார்வலர்களே காரணம். ஏறக்குறைய 150 மணி நேரம் படித்துத் தேர்வெழுதி ஈ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) ஆன விவசாயிகளும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் பல ஆண்டுகளாகத் தங்கள் இரவுகளை இந்த ஊர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. வேலைக்காக வெகுதூரம் போய்வரும் இளைஞர்களால் பகல் நேரத்தில் நிலையத்துக்கு வர முடிவதில்லை.

வரவுப் பக்கத்திலோ பெரும்பகுதி முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரிடமிருந்து வருகிறது. 2002 முதல் நடைமுறையில் இருக்கும் தேசியக் கட்டண அட்டவணைப்படி, ஒரு பயணத்துக்கு அடிப்படைத் தொகையும் மைலுக்கு இவ்வளவு என்றும் அது தருகிறது. நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் மட்டுமே பணம். வீட்டில் விழுந்துகிடந்த மூதாட்டியைத் தூக்கி உட்காரவைத்து, இரத்த அழுத்தம் பார்த்து, அவர் வர மறுத்ததால் திரும்பி வந்தால் மெடிகேரிடமிருந்து ஒன்றும் கிடைக்காது. கிராமப்புறத்துக்கென மூன்று சதவீதமும், மிக ஒதுக்குப்புறமான பகுதிகளுக்கு 22.6 சதவீதமும் கூடுதலாகக் கிடைக்கின்றன. ஆனால் இவை நிரந்தரமானவை அல்ல, காலாவதியாகும் தறுவாயில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒவ்வொரு முறையும் நீட்டித்துவருபவை. ஆம்புலன்ஸ் சேவைகளுக்கு மெடிகேர் தரும் தொகை சராசரியாகச் செலவைவிட ஆறு சதவீதம் குறைவு என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2007இலேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தது.

ஆக, காப்பீடு பயணத்துக்குப் பணம் தருகிறது, காத்திருப்பதற்குத் தருவதில்லை. நாங்கள் செலுத்தும் பங்குத்தொகை அந்தக் காத்திருப்பின் விலை. இதை எங்கள் ஊராருக்குப் புரியவைக்காமல் எந்தத் தொகையையும் அவர்கள் முன் வைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

நவம்பர் 14, வியாழன்

நான்கு ஊர்களின் பிரதிநிதிகளும் முதன்முறையாக ஒரே மேசையில் அமர்ந்தோம். மொத்தச் செலவு எவ்வளவு என்பதில் பெரிய சச்சரவு எழவில்லை. எப்படிப் பிரிப்பது என்பதில்தான் மூன்று மணி நேரமும் போயிற்று.

மலைமேல் இருக்கும் ஊர், மக்கள்தொகைப்படி பிரிக்க வேண்டும் என்றது. அங்கே நிரந்தரமாக வசிப்பவர்கள் மிகக் குறைவு. பனிச்சறுக்குக்காக வாரக்கடைசிகளில் வந்து தங்குபவர்களின் விலை உயர்ந்த வீடுகளே அதிகம். சறுக்கி விழுந்து கால் முறிந்தவரை ஏற்றிவரும் வண்டி எந்தக் குடிமதிப்பிலும் இல்லாத ஒருவருக்காக மலையேறுகிறது. ஆற்றங்கரை ஊரோ, சொத்து மதிப்பின்படி பிரிக்கலாம் என்றது. முதியோர் குடியிருப்பு அங்கேதான் இருக்கிறது. 91ஆம் நெடுஞ்சாலையும் அந்த ஊரின் எல்லைக்குள்தான் செல்கிறது. அழைப்புகளின் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்டால் பெரும்பங்கு அவர்கள் தலையில் விழும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. நெடுஞ்சாலையில் மோதிக்கொள்ளும் கார்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் வேறு மாநிலத்தவர்கள். நிலையம் இருக்கும் ஊர், கட்டடமும் நிலமும் தாங்கள் கொடுத்தவை என்பதால் அவற்றின் மதிப்பைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றது.

எங்கள் தரப்பிலிருந்து ஒருவர், "பயன்படுத்துகிறவர் பணம் கொடுக்கட்டும்" என்று அழைப்பு எண்ணிக்கையை ஆதரித்துப் பேசினார். அதை நான் மறுத்தேன். தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கண்மாய்க் கரையைப் பலப்படுத்தும் செலவை, அந்த ஆண்டு எவர் வயலுக்கு எத்தனை முறை தண்ணீர் பாய்ந்தது என்று எண்ணிப் பார்த்து ஊரார் பிரித்துக்கொண்டதில்லை. ஆயக்கட்டில் எவருக்கு எவ்வளவு நிலம் என்றே பார்த்தார்கள், ஏனெனில் கரை உடையாமல் நிற்பதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. அழைப்புகளை எண்ணி வரி போடத் தொடங்கினால், முதியவர்கள் அதிகம் வாழும் ஊர் அவர்களை வைத்துக் காப்பாற்றுவதற்காகவே தண்டிக்கப்படும். "ஒவ்வோர் அழைப்புக்கும் ஊருக்குச் செலவு" என்ற எண்ணம் பரவினால், நெஞ்சு வலிக்கும்போது தொலைபேசியை எடுக்கத் தயங்குபவர்களும் இருப்பார்கள். ஆற்றங்கரை ஊரின் பிரதிநிதியான ஓய்வுபெற்ற செவிலியர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, அந்தத் தயக்கத்தைத் தன் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருப்பதாகச் சொன்னார்.

டிசம்பர் 5, வியாழன்

நிலையத்தின் பொறுப்பாளரோடு இன்று நெடுநேரம் பேசினேன். அவரை அதிகம் வருத்துவது பணம் அன்று; வண்டி இல்லாத நேரங்கள். சிறிய மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை மாற்றும் பயணங்கள் வருமானம் தருகின்றன. ஆனால் ஆற்றைக் கடந்து நியூ ஹாம்ப்ஷயரின் லெபனானில் உள்ள டார்ட்மவுத் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும்வரை நான்கு ஊர்களுக்கும் வண்டி கிடையாது. அப்போது அழைப்பு வந்தால் பரஸ்பர உதவி ஏற்பாட்டின்படி அடுத்த நிலையத்து வண்டி வர வேண்டும்; அதுவும் வெளியே போயிருந்தால், அதற்கும் அடுத்தது. வெர்மான்டின் சாலைகளில் பாதிக்கு மேல் மண் சாலைகள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

கடந்த செப்டம்பரில் மருத்துவமனைகளைக் கண்காணிக்கும் மாநில வாரியமான கிரீன் மவுண்டன் கேர் போர்டு பெற்ற ஆலோசகர் அறிக்கை, வெர்மான்டின் 14 மருத்துவமனைகளில் பல நிதி நெருக்கடியில் இருப்பதாகவும், சிலவற்றின் உள்நோயாளிப் பிரிவுகளை வேறு வகைச் சேவைகளாக மாற்ற வேண்டும் என்றும் கூறியது. மருத்துவமனைகள் சுருங்கினால் ஆம்புலன்ஸ் பயணங்கள் நீளும். மருத்துவமனையைப் பற்றி மாநிலம் முழுவதும் விவாதம் நடக்கிறது. வண்டியைப் பற்றிய விவாதமோ நான்கு ஊர்களின் பழைய பள்ளிக் கட்டடத்தில் பத்துப் பதினைந்து பேரோடு முடிந்துவிடுகிறது.

வரலாற்றைப் பார்த்தால் இது புதிதும் அன்று. 1966இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்கள் குறித்து அறிக்கை வெளியிட்ட காலத்தில், நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை இறுதிச் சடங்கு நிலையங்களே தங்கள் சவ ஊர்திகளைக் கொண்டு நடத்திவந்தன. 1973ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசின் நேரடி நிதியைக் கொண்டுவந்தது. 1981இல் அந்த நிதி, மாநிலங்களுக்கான பொது மானியத்துக்குள் கலக்கப்பட்டது. அதன்பின் சுமை படிப்படியாக ஊர்களின் மேல் இறங்கிவிட்டது.

2025 ஜனவரி 8, புதன்

தொலைவிலுள்ள தனியார் சேவை ஒன்று குறைந்த தொகைக்கு வரத் தயார் என்று மலைமேல் ஊருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அவர்கள் விலகினால் மீதி மூன்று ஊர்களின் பங்கு உடனே கூடும். நிலையச் செலவு நிலையானது என்பதால், ஒருவர் விட்டுச்செல்லும் தொகை மற்றவர்கள் மேல் அப்படியே இறங்கும். அதைத் தாங்காமல் இன்னோர் ஊரும் போனால் நிலையமே மூடப்படும். அந்தக் கடிதத்தை முழுமையாகப் படித்தேன். வண்டி எங்கே நிறுத்தப்படும் என்பதும், எத்தனை நிமிடத்தில் வரும் என்பதும் அதில் எங்கும் இல்லை. இவ்விரண்டையும் சொல்லாத விலையை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

இதற்கிடையே எங்கள் ஒப்பந்த வரைவு ஓர் உருவத்துக்கு வந்திருக்கிறது. தொகையில் பாதி மக்கள்தொகைப்படி. மீதியில் பெரும்பகுதி, ஊருக்கு ஊர் வேறுபடும் மதிப்பீடுகளை மாநிலம் சமன்படுத்திக் கணக்கிடும் சொத்து மதிப்பின்படி. ஒரு சிறு பகுதி மட்டும் மூன்று ஆண்டு அழைப்புகளின் சராசரிப்படி. கடைசிப் பகுதியை நான் முற்றாக நீக்கக் கேட்டேன், கிடைக்கவில்லை. ஆயினும் நெடுஞ்சாலை விபத்துகள் அந்த எண்ணிக்கையில் சேராது என்பதை ஏற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு. விலக நினைக்கும் ஊர் ஓர் ஆண்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். பணம் தரும் ஒவ்வோர் ஊருக்கும் நிலையத்தின் மேலாண்மைக் குழுவில் வாக்குரிமையுள்ள இடம் உண்டு. இதுவரை நாங்கள் பணத்தை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருந்தோம். இந்தப் பிரிவு ஒன்றுக்காகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம் என்பேன்.

ஊர்கள் சேர்ந்து ஆம்புலன்ஸ் சேவைக்கென்றே தனி மாவட்டம் ஒன்றை அமைத்துக்கொள்ள மாநிலச் சட்டம் இடம் தருகிறது. காலப்போக்கில் அதுவே சரியான வழி என்று நம்புகிறேன். ஆனால் அதற்கு ஒவ்வோர் ஊர் வாக்காளர்களின் ஒப்புதலும் வேண்டும். இந்தக் குளிர்காலத்துக்குள் ஆகக்கூடியதன்று.

ஜனவரி 29, புதன்

ஊர்க் கூட்டத்துக்கான அறிவிப்பு ஒட்டப்பட்டது. 30 நாளுக்குக் குறையாமலும் 40 நாளுக்கு மிகாமலும் முன்பே ஒட்ட வேண்டும் என்பது விதி. ஆம்புலன்ஸ் தொகையைப் பொது வரவு செலவுக்குள் வைக்காமல் தனித் தீர்மானமாக வைத்திருக்கிறோம். தோற்றுவிடக்கூடும் என்று சிலர் எச்சரித்தார்கள். ஆனாலும் எதற்காகக் கை உயர்த்துகிறோம் என்பது மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 4, செவ்வாய்

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய், வெர்மான்டின் ஊர்க் கூட்ட நாள். எங்கள் தீர்மானம் முற்பகலிலேயே விவாதத்துக்கு வந்தது. நிலையான ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பெரியவர் எழுந்து, பள்ளி வரியும் சாலைச் செலவும் ஏற்கெனவே உயர்ந்திருக்கும்போது இதையும் எப்படிச் சுமப்பது என்று கேட்டார். அவர் கேள்விக்கு எளிதான பதில் எவரிடமும் இல்லை. சொத்து வரி அவரவர் கையிருப்பை முழுதாகப் பார்த்து வருவதில்லை. இன்னொருவர், காப்பீடு இருக்கும்போது ஊர் ஏன் தர வேண்டும் என்றார். 168 மணி நேரக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினேன். 2022இல் நடைமுறைக்கு வந்த, எதிர்பாராத மருத்துவக் கட்டணங்களுக்கு எதிரான மத்தியச் சட்டம் தரைவழி ஆம்புலன்ஸைச் சேர்க்கவில்லை என்பதையும், ஊர்ப் பங்கு குறைந்தால் நோயாளியின் வீட்டுக்குப் போகும் கட்டணச் சீட்டு பெரிதாகக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

தொகையைப் பாதியாகக் குறைக்கும் திருத்தம் முன்மொழியப்பட்டுத் தோற்றது. மூலத் தீர்மானம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. எதிர்த்தவர்களின் குரலும் தெளிவாகவே கேட்டது.

மார்ச் 20, வியாழன்

மூன்று ஊர்கள் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டன. மலைமேல் ஊர் ஓராண்டுக்கு மட்டும் பணம் ஒதுக்கிவிட்டு, மூன்று ஆண்டுக்குக் கட்டுப்பட மறுத்திருக்கிறது. அவர்களுக்கு இவ்வாண்டு மேலாண்மைக் குழுவில் இடம் தருவதா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. தர வேண்டும் என்பதே என் நிலை, ஏனெனில் கணக்கை உள்ளிருந்து பார்ப்பவர்கள் வெளியேறுவது கடினம். அடுத்த கூட்டத்தில் இதையும், புதிய வண்டிக்கான சேமிப்பு நிதியையும் பேச வேண்டும். கருவிகளோடு ஒரு வண்டி இன்று மூன்று லட்சம் டாலரை ஒட்டுகிறது. ஆர்டர் செய்தபின் கைக்கு வர நீண்ட காலம் ஆகிறது. எனவே ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவது என்ற வரைவை ஏப்ரல் முதல் வாரத்துக்குள் எழுதித் தருவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.