லைசென்ஸ் வந்த பிறகுதான் அலைச்சலே: வேளச்சேரியில் ஒரு ஹாம் நிலையம் போட்ட கதை

போன சனிக்கிழமை எங்கள் ஏரியாவில் நடந்த வெள்ள ஒத்திகையில் என் ரேடியோ செட்டு நான்கு மணி நேரம் ஒரு தடவைகூட நிற்காமல் வேலை செய்தது. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகுதான் மனசு லேசானது. அந்த நான்கு மணி நேரத்துக்குப் பின்னால் ஒன்றரை வருட அலைச்சல் இருக்கிறது. ஹாம் ரேடியோ என்பது லைசென்ஸ் வாங்கிய தனி ஆட்கள் செல் டவர் உதவியில்லாமல் செட்டுக்குச் செட்டு பேசிக்கொள்வது, அந்த லைசென்ஸுக்கு ஒரு தேர்வு எழுத வேண்டும். தேர்வுக்கு எதைப் படிக்க வேண்டும் என்பதெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். நான் எங்கெங்கே மாட்டிக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் தயாராக நினைக்கிறவர்களுக்கு உதவும்.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி அம்மா முடிச்சூரில் தனியாக இருந்தார். நான் வேளச்சேரியில் இரண்டாவது மாடியில், கீழே இடுப்பளவு தண்ணீர். ராத்திரி பத்து மணிக்குக் கடைசியாகப் பேசினோம், "வாசப்படி தாண்டிடுச்சும்மா" என்றார், அத்தோடு லைன் போய்விட்டது. அப்புறம் எந்த செல்லும் எடுக்கவில்லை. கரண்ட் இல்லை, டவர்களில் பேட்டரியும் டீசலும் எவ்வளவு நேரம் தாங்கும்? 4-ஆம் தேதிதான் பக்கத்து மாடிவீட்டுக்காரர்கள் அம்மாவைத் தங்களோடு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த நாட்களில் ஹாம் ஆட்கள் செட்டைத் தூக்கிக்கொண்டு போய் செய்தி கடத்தினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் அம்மையார் நடத்திய நிலையமும் அப்படித்தான். அவர் பொழுதுபோக்குப் பயணமாக அந்தமான் போய் செட்டைப் போட்டிருந்தார், சுனாமி வந்ததும் அதே செட்டுதான் அங்கிருந்தவர்களின் செய்தியை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. இந்தக் கதையைப் படித்த அன்றே தேர்வு எழுதுவது என்று முடிவு செய்தேன். வேலை, குழந்தைகள் என்று வருடங்கள் ஓடின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மறுபடி அதே மாதிரி செல் செத்துப்போனபோதுதான் இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

தேர்வில் பிரச்சினை இல்லை. மோர்ஸ், அதாவது புள்ளி-கோடு ஒலியில் எழுத்துகளை அனுப்பும் முறை, தேவைப்படாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடுதான் எழுதினேன், வியூ3 (VU3) என்று தொடங்கும் அழைப்புக்குறி, ரேடியோவில் என் அடையாளப் பெயர் மாதிரி. அதற்கு மேலான ஜெனரல் கிரேடு வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 8 வார்த்தை மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் விதிமுறைகள் பகுதியை அலட்சியமாக விடாதீர்கள். எலெக்ட்ரானிக்ஸ், விதிமுறைகள் இரண்டு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்.

மாட்டிக்கொண்டது பெயரில். கல்யாணம் ஆன பெண்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பாவின் இனிஷியல் முன்னால் இருக்கிறது. ஆதாரில் வீட்டுக்காரர் பெயர் முழுசாகப் பின்னால் இருக்கிறது. தேர்வுக்கு மார்க் ஷீட்டைப் பார்த்து நானே எழுதினேன். லைசென்ஸ் விண்ணப்பத்தைத் தெருமுனை பிரவுசிங் சென்டரில் போட்டேன், அங்கே இருந்த பையன் ஆதாரைப் பார்த்து அடித்துவிட்டான், நான் சரிபார்க்காமல் "சரி தம்பி, அனுப்பிடு" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் இரண்டு ஆவணத்திலும் பெயர் வேறு வேறாக இருப்பது தெரிய வந்தது.

அதைச் சரிசெய்ய ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அரை நாள் லீவு போட்டு, வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போனால், கவுன்ட்டரில் இருந்தவர் என் காகிதங்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நோட்டரி வாங்கிட்டு வாங்க மேடம்" என்றார், அவ்வளவுதான். என்ன எழுத வேண்டும், யார் கையெழுத்து வேண்டும் என்று கேட்டதற்கு "அவங்களுக்குத் தெரியும்" என்று பதில். நோட்டரியிடம் போனேன். அவர் எழுதிக் கொடுத்தது முகவரி மாற்றத்துக்கான வாசகம். அதை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி போனால் "இது இல்லையே மேடம்". மூன்றாவது தடவைதான் சரியான தாள் கிடைத்தது: இன்ன பெயரும் இன்ன பெயரும் ஒரே நபரைத்தான் குறிக்கும் என்று, இரண்டு பெயரையும் ஆவணத்தில் இருக்கிற எழுத்துக்கு எழுத்து அப்படியே, புள்ளி, இடைவெளி உட்பட எழுதிய பத்திரம். இந்த மூன்று நடையில் ஒன்றரை மாதம் போயிற்று. நீங்கள் தேர்வுக்கு விண்ணப்பிக்கிற அன்றைக்கே ஆதாரையும் மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் முதலில் அதை முடித்துவிட்டு அப்புறம் மற்றதைத் தொடுங்கள்.

இன்னொன்று. லைசென்ஸ் வரும் முன்னால் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாக்கி-டாக்கி வாங்கி வைக்காதீர்கள். எங்கள் குடியிருப்பு குழுவிலேயே இரண்டு பேர் "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று வாங்கினார்கள். ஹாம் அலைவரிசையில் பேசும் செட்டை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே தவறு. அதுவும் அந்தச் செட்டு எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று தெரியாமல் பட்டனை அமுக்கினால் போலீஸ், தீயணைப்பு ஆட்களின் பேச்சுக்குக் குறுக்கே போய் விழ வாய்ப்பிருக்கிறது. வெள்ளத்தில் அதைவிடப் பெரிய கெடுதல் வேறு கிடையாது.

அடுத்தது ஆன்டெனா. வீட்டுக்குள் உட்கார்ந்து கையடக்கச் செட்டில் பேசினால் எங்கள் தெருவைத் தாண்டிப் பத்து கட்டடத்துக்கு மேல் போகவில்லை. 2 மீட்டர் பேண்ட், அதாவது இங்கே நமக்கு அனுமதித்த 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ், கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான் நன்றாகப் போகும். உயரத்தில் ஏற்றாமல் வேலைக்கு ஆகாது. ஏற்ற வேண்டிய கம்பி என்னவோ சின்னதுதான், கால் அலை நீளம், ஏறக்குறைய அரை மீட்டர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் கேபிள் கேட்டேன். ரேடியோ செட்டுக்குப் பொருந்துகிற 50 ஓம் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் டிவிக்குப் போடுகிற 75 ஓம் கேபிளைச் சுருட்டிக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான் மேடம், இதைத்தான் எல்லாரும் வாங்கறாங்க" என்றார். முதல் தடவை கடை ஏறுகிறேன், நம்பினேன். வீட்டில் வந்து கனெக்டரைப் பற்றவைக்க உட்கார்ந்தால் ஈயம் ஒட்டவே இல்லை, முத்து முத்தாக உருண்டு விழுகிறது. ஒரு மணி நேரம் போராடிய பிறகுதான் அந்தக் கேபிளின் வெளிப்பின்னல் அலுமினியம் என்று புரிந்தது. அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது. வேறு வழியில்லாமல் இறுக்கிச் சுற்றிப் போட்டுப் பார்த்தேன், ஆன்டெனாவுக்கு அனுப்பும் சக்தி எவ்வளவு செட்டுக்கே திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் முள், 1-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது, 3-ஐத் தாண்டி நின்றது. செட்டே எரிந்திருக்கும்.

மடிப்பாக்கத்தில் முப்பது வருடமாக ஹாமில் இருக்கும் ஒரு சார் இருக்கிறார். அவர்தான் போனில் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். மாடியிலிருந்து என் அறை வரை 18 மீட்டர். மெல்லிய ஆர்ஜி-58 ரகக் கேபிள் போட்டால் அந்த 18 மீட்டரிலேயே பாதி சக்தி சூடாகப் போய்விடும் என்றார், தடிமனான ஆர்ஜி-213 வாங்கச் சொன்னார். விலை உறுத்தியது, வாங்கினேன். கடையில் சுருளை வாங்கும் முன் நுனியைச் சீவிக் காட்டச் சொல்லுங்கள், பின்னல் செம்பு நிறத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், கேபிள் மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அப்புறம் வெளியே இருக்கும் கனெக்டரை நீட்டிச் சுற்றுகிற ரப்பர் டேப்பால் நன்றாக மூடுங்கள். நான் முதலில் சாதாரணக் கறுப்பு டேப் போட்டேன், ஒரே ஒரு ஆகஸ்ட் மழையில் தண்ணீர் உள்ளே இறங்கி ஒரு அடி கேபிளை வெட்டிப் போட வேண்டியதாயிற்று.

ஆனால் கேபிளைவிட அதிக நாள் எடுத்தது அசோசியேஷன் அனுமதி. செயலாளர் சார் ரிட்டயர்ட் இன்ஜினியர், நல்லவர்தான். "மொபைல் டவர் மாதிரி கதிர்வீச்சு வரும்னு மேல் மாடிக்காரங்க பயப்படறாங்கம்மா" என்று இரண்டு கூட்டம் தள்ளிப்போட்டார். நான் லைசென்ஸ் நகலை வைத்து, இது 5 வாட் செட்டுதான், பேசும்போது மட்டும்தான் அலை வெளியே போகும், டவர் மாதிரி இருபத்துநாலு மணி நேரமும் இல்லை என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் நகரவில்லை. மூன்றாவது கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது தனியாகக் கேட்டேன், "சார், உங்களுக்கு உண்மையிலேயே என்ன கவலை?" அப்போதுதான் சொன்னார்: போன வருடம் யாரோ டிஷ் மாட்ட மொட்டைமாடித் தளத்தில் துளை போட்டு, கூலிங் டைல்ஸ் விரிசல் விட்டு, அவர் வீட்டு ஹால் சீலிங் ஒழுகி, சரிசெய்யப் பெரிய தொகை ஆகியிருக்கிறது. நான் இத்தனை நாள் கதிர்வீச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்!

மறுநாளே வழி கிடைத்தது. 20 லிட்டர் காலி பெயின்ட் வாளி ஒன்றை எடுத்து, நடுவில் ஜிஐ பைப்பை நிறுத்தி, கான்கிரீட் கொட்டி இறுக விட்டோம். ஒரு துளைகூடப் போடாமல் வாட்டர் டேங்க் பக்கத்தில் நிற்கிறது, பைப்பின் தலையைக் கயிற்றால் மூன்று பக்கம் இழுத்துக் கட்டியிருக்கிறோம். வாளிக்கு அடியில் பழைய கார் மேட். செயலாளர் சார் வந்து குனிந்து பார்த்து, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயே கையெழுத்துப் போட்டார். அபார்ட்மென்டில் இருக்கிறவர்கள் இந்த வாளி வழியை முதலிலேயே சொல்லுங்கள், மூன்று மாதம் மிச்சம்.

இப்போது ஒத்திகைக்கு வருகிறேன். முதல் ஒத்திகையில் பழைய யூபிஎஸ்ஸிலிருந்து எடுத்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மொபைல் செட்டை, அதாவது வண்டியில் மாட்டுகிற ரக ரேடியோவை, முழுச் சக்தியில் ஓட்டினேன். பேட்டரி பார்க்க நன்றாகத்தான் இருந்தது, 12.7 வோல்ட் காட்டியது. பட்டனை அமுக்கியதும் 10-க்கு இறங்கியது. ஒரு மணி நேரத்தில் செட்டு அணைந்தது. வோல்ட்டை வெறுமனே அளக்காதீர்கள், பட்டனை அமுக்கிக்கொண்டே அளக்க வேண்டும், அப்போதுதான் பேட்டரியின் நிஜம் தெரியும். இப்போது புது பேட்டரி இரண்டு வைத்திருக்கிறேன், எதிர்முனைக்குக் கேட்கிற மிகக் குறைந்த சக்தியில்தான் பேசுகிறேன்.

பேட்டரியைவிட என்னை உலுக்கியது இரண்டாவது ஒத்திகை. சமூக நலக்கூடத்தில் என் செட்டு. செய்தி இப்படி வந்தது: "ராம் நகர், ஏழாவது தெரு, சர்க்கரை நோயாளி ஒருவர், இன்சுலின் ஐஸ் பெட்டியோடு வேண்டும்." நான் எழுதிக்கொண்டேன், திருப்பிப் படித்துக் காட்டினேன், சரி என்றார்கள், பைக்கில் தன்னார்வலர் தம்பி ஒருவர் கிளம்பினார். நாற்பது நிமிடம் கழித்து போன் பண்ணுகிறார், "அக்கா, இங்கே அப்படி யாருமே இல்லையே." அவர் மடிப்பாக்கம் ராம் நகரில் நிற்கிறார். செய்தி வந்தது வேளச்சேரி ராம் நகரிலிருந்து. இரண்டு ஊரிலும் ராம் நகர் இருப்பது இங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் காதில் ஹெட்போன், நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள், கை எழுதிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. ஒத்திகை என்பதால் வெறும் தெர்மகோல் பெட்டி. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கப்புறம் நாங்கள் செய்தி எழுதிக்கொள்ளும் தாளில் பின்கோடுக்கு ஆறு கட்டம் போட்டோம். பின்கோடு இல்லாமல் எந்தச் செய்தியையும் வாங்குவதில்லை. வேளச்சேரி 600042, மடிப்பாக்கம் 600091. அதையும் எண் எண்ணாக, "ஆறு, சைபர், சைபர், சைபர், நாலு, ரெண்டு" என்று பிரித்துச் சொல்ல வேண்டும், நாற்பத்திரண்டு என்று சேர்த்துச் சொன்னால் இரைச்சலில் எழுபத்திரண்டாகக் கேட்கும். கூடவே ஓர் அடையாளம்: கோயில், ரேஷன் கடை, டிரான்ஸ்ஃபார்மர், எதுவோ ஒன்று. ஆள் பெயரைத் தமிழிலேயே மெதுவாகச் சொல்லி, சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் ஏ-க்கு ஆல்ஃபா, பி-க்கு பிராவோ என்று ஆங்கில எழுத்துக்கூட்டுகிறோம். ஒவ்வொரு செய்திக்கும் எண், வந்த நேரம், கொடுத்தவர், ஒப்படைத்த நேரம். போன சனிக்கிழமை முப்பத்தொரு செய்தி, ஒன்றுகூட வழி மாறவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. என் மாடியிலிருந்து முடிச்சூர் பக்கம் கேட்கிறது, மடிப்பாக்கம் சார் அவர் செட்டோடு அங்கே போய் ஒரு மாடியில் நின்று சோதித்துப் பார்த்தார், கரகரப்பு இருந்தாலும் தெளிவாகவே வந்தது. ஆனால் அங்கே நிரந்தரமாக உட்கார்ந்து பேச லைசென்ஸ் உள்ள ஆள் இல்லை. அம்மா தெருவில் டிப்ளமோ படிக்கும் பையன் ஒருவன் ஆர்வமாக இருக்கிறான், அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் முதல் வேலையாக ஆதாரையும் மார்க் ஷீட்டையும் எடுத்துவரச் சொன்னேன். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால். திங்கட்கிழமை அவனையும் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு நோட்டரிக்குப் போகிறேன், என் பத்திரத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு.