ஃப்ளைஷர் - ஸெல் பீத்தோவன், ஸ்கோர் வச்சுக் கேட்டது: இப்போ நாலாவது கான்செர்ட்டோ

லியான் ஃப்ளைஷர் பியானோ, ஜார்ஜ் ஸெல் கண்டக்டர், க்ளீவ்லாண்ட் ஆர்கெஸ்ட்ரா. பீத்தோவனோட அஞ்சு பியானோ கான்செர்ட்டோவையும் (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கற படைப்பு) 1959ல இருந்து 1961க்குள்ள ரெக்கார்ட் பண்ணாங்க. அதை ஸ்கோர், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வரின்னு எல்லாரோட இசையும் அச்சடிச்ச புக்கு, பாத்துக்கிட்டே வரிசையா கேட்டுட்டு வரேன். முதல் மூணுலயும் கண்ணு பியானோ வரியைத்தான் துரத்துச்சு, அதனால நாலாவதுக்கு ஒரு ரூல்: பியானோ வரியைப் பாக்கவே கூடாது, மத்தவங்க வரி மட்டும்தான், பியானோ எப்படியும் காதுல விழுந்துரும்ல.

செம பலன். ஆரம்பத்துல பியானோ தனியா ஜி மேஜர் ஸ்கேல்ல அஞ்சே பார் (தாளக் கணக்குல சின்னச் சின்னப் பகுதி), உடனே ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின், செல்லோ மாதிரி தந்தி வாத்தியங்கள், சம்பந்தமே இல்லாத மாதிரி பி மேஜர்ல, இன்னும் சன்னமா பதில் சொல்லுது. பலர் அந்த அஞ்சு பாரை இழுத்து உருகுவாங்க, ஃப்ளைஷர் இழுக்கல, அதனால ஸெல் உள்ள வரும்போது வேகம் உடையாம அப்படியே தொடருது. எனக்கு இதான் பிடிச்சிருக்கு.

ரெண்டாவது மூவ்மென்ட்ல (கான்செர்ட்டோவோட ரெண்டாவது பகுதி) ஸ்ட்ரிங்ஸும் பியானோவும் மட்டும்தான். ஸ்ட்ரிங்ஸ் எல்லாரும் ஒரே வரியை வெட்டி வெட்டி கோவமா கேக்கறாங்க, பியானோ தணிவா பதில் சொல்லுது, போகப் போக கோவம் இறங்குது. ஸெல் அதை சட்டுனு இறக்காம படிப்படியா இறக்கறார், செல்லோ வரியைப் பிடிச்சுக்கிட்டே போனா நல்லா தெரியும். அப்புறம் ட்ரம்பெட்டும் டிம்பனியும் (ஆர்கெஸ்ட்ராவோட பெரிய டிரம்) கடைசி மூவ்மென்ட் வரைக்கும் வாயே திறக்காதுங்கறதும் ஸ்கோர்ல பாத்துதான் கவனிச்சேன், அவ்ளோ நேரம் மேடையில உக்காந்திருக்கணும் பாவம்.

ஸெல் தானே நல்ல பியானிஸ்ட், ஃப்ளைஷர் சின்ன வயசுலயே பியானிஸ்ட் ஷ்னாபெல் கிட்ட படிச்சவர், ஒருத்தர் மூச்சு விடற இடம் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சதுல ஆச்சரியமில்ல. 1960களோட நடுவுல ஃப்ளைஷரோட வலது கை விரல்கள் மடங்க ஆரம்பிச்சு, சோவியத் டூருக்கு ஆர்கெஸ்ட்ராவோட போக முடியல, பிறகு பல வருஷம் இடது கைக்கு எழுதின பீஸ்களும் கண்டக்டிங்கும்தான். நல்லவேளை இந்த அஞ்சும் 1958, 1962ல இதே கூட்டணி வாசிச்ச பிராம்ஸோட பியானோ கான்செர்ட்டோ ரெண்டும் அதுக்குள்ள டேப்ல ஏறிடுச்சு.

அடுத்து அஞ்சாவது. அது முடியப்போற நேரத்துல பியானோவும் டிம்பனியும் மட்டும் வாசிக்கற இடம் ஒன்னு இருக்கு, அங்க டிம்பனி வரியைத்தான் பிடிக்கப் போறேன்.