ஒரே அறை, ஏழு வெளிச்சம்: ஒரு சின்ன பட்ஜெட் ஸ்லாஷரின் நாட்குறிப்பு

ஜனவரி 6

படத்துக்கு எடுத்துக்கொண்ட கதை, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் வெளியிட்ட ‘தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்’. ஊரெல்லாம் கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருக்க, பிராஸ்பரோ என்ற இளவரசன் ஆயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு மடாலயத்துக்குள் அடைந்துகொள்கிறான். ஐந்தாறு மாதம் கழித்து மாறுவேட விருந்து வைக்கிறான். பிணத்தின் முகமும் ரத்தக்கறை படிந்த சவத்துணியுமாக ஒரு உருவம் உள்ளே நடமாடுகிறது. கடைசியில் ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் விழுகிறார்கள். வசனம் அநேகமாக இல்லை. பெயர் உள்ள ஆள் பிராஸ்பரோ ஒருவன்தான்.

ஸ்லாஷருக்கு, அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே போகும் படத்துக்கு, இதைவிடத் தோதான மூலம் கிடைப்பது கஷ்டம். இந்த வகைப் படம் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, “கதவைத் திறந்துகொண்டு ஓடவேண்டியதுதானே?” என்றுதான். போ அந்தக் கேள்விக்கு ஆரம்பத்திலேயே வழியை அடைத்துவிட்டார். உள்ளே போனவர்களே உலையும் சம்மட்டியும் கொண்டுவந்து தாழ்ப்பாள்களைப் பற்றவைத்துவிடுகிறார்கள். ஃபோனில் சிக்னல் இல்லை, கார் கிளம்பவில்லை என்ற சாக்கு எதுவும் தேவையில்லை. இந்தப் பற்றவைப்பை வசனத்தில் சொல்லிக் கடந்தால் படம் அங்கேயே பலவீனமாகிவிடும். 40 விநாடி ஒதுக்கி, தாழ்ப்பாள் சிவந்து ஆறுவதுவரை காட்டியாகவேண்டும்.

எங்கள் படத்தில் ஆயிரம் பேர் எட்டுப் பேராகிவிட்டார்கள். நோய் கண்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறது கதை. ஒரு கொலைக்கும் அடுத்ததற்கும் கதைக்குள் இடைவெளி அந்த அரை மணிதான்.

உரிமைச் சிக்கல் இல்லை. போ இறந்தது 1849இல். ஆனால் பிற்கால மொழிபெயர்ப்புகளுக்கும், இதே கதையை இயக்குநர் ரோஜர் கோர்மன் 1964இல் எடுத்த படத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு. மூலத்தை மட்டும் மேசையில் வைத்து எழுதுவதே நல்லது.

ஜனவரி 9

ஏழு அறை: நீலம், ஊதா, பச்சை, ஆரஞ்சு, வெள்ளை, வயலட், கறுப்பு. ஒவ்வொன்றிலும் ஜன்னல் கண்ணாடி அறையின் நிறத்திலேயே இருக்கும். கறுப்பு அறையில் மட்டும் ரத்தச் சிவப்பு. அறைக்குள் விளக்கோ மெழுகுவத்தியோ கிடையாது. ஜன்னலுக்கு வெளியே எரியும் நெருப்புதான் கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது. இருபது முப்பது கஜத்துக்கு ஒரு திருப்பம் இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு அறைதான் கண்ணுக்குத் தெரியும்.

சின்னப் படத்துக்கு இது வரம். அறைகள் ஒரே ஃபிரேமில் வரத் தேவையில்லை என்றால் ஏழு அறை எதற்கு? 12க்கு 16 அடியில் ஒரு அறை, எதிரெதிரே இரண்டு கதவு, பக்கச்சுவரில் ஒரு ஜன்னல் போதும். ஒரு கதவுக்கு வெளியே மூன்றடி ஆழத்தில் கறுப்புத் துணி அடைத்துவிட்டால் அதுவே திருப்பம். ஒன்றுவிட்டு ஒரு அறைக்கு நாற்காலி, திரைச்சீலை இடம் மாறும். கேமரா எதிர்ப்பக்கம் போகும்.

சுவருக்கு வெளிர் சாம்பல், மேட் பெயின்ட். வெள்ளைச் சுவரில் நிற வெளிச்சம் எகிறி நடிகர் முகமெல்லாம் ஒரே நிறமாகிவிடும். பளபளப்புப் பெயின்டில் விளக்கே தெரியும். ஜன்னலுக்கு டிரேசிங் பேப்பர், அதற்குப் பின்னால் நான்கடி தள்ளி சிவப்பு, பச்சை, நீலத்தைக் கலந்து வேண்டிய நிறம் தரும் ஆர்.ஜி.பி. எல்.இ.டி. பேனல் ஒன்றே ஒன்று. நெருப்பு அலைவதற்கு, விளக்கின் முன்னால் கிழித்த துணிப் பட்டைகளை மெதுவாக அசைத்தால் போதும். பேனலில் உள்ள ‘ஃபயர்’ எஃபெக்ட் வேண்டாம். அது ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வருவது எடிட்டிங்கில் பல்லிளிக்கும்.

ஜனவரி 14

ரத்தம், அடிப்படைக் கலவை: கார்ன் சிரப் (சோளப் பாகு) 1 லிட்டர், தண்ணீர் 150 மி.லி., சிவப்பு திரவ உணவுச்சாயம் 30 மி.லி., கோகோ தூள் 1 மேசைக்கரண்டி, சோளமாவு 2 மேசைக்கரண்டி, நீலச் சாயம் 3 சொட்டு. கோகோவையும் மாவையும் முதலில் அந்தத் தண்ணீரிலேயே கரைத்து வடிகட்டவேண்டும். நேரடியாகப் பாகில் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும், டியூப் அடைக்கும். மாவு இல்லாவிட்டால் ரத்தம் ஜாம் மாதிரி கண்ணாடியாகத் தெரியும். கோகோ இல்லாவிட்டால் ரோஸ் அடிக்கும்.

மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித் வகுத்த பழைய கலவையில் ஃபிலிம் கழுவப் பயன்படும் போட்டோ ஃப்ளோ சேரும். துணியில் நன்றாக ஊறும், ஆனால் விஷம், வாய்க்கு ஆகாது. வாயிலிருந்து வழியும் ரத்தத்தைத் தனிப் பாட்டிலில், தனி லேபிளில் வைக்கவேண்டும். துணிக்கான பாட்டிலில் மட்டும் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவம் சேர்த்தால் கறை ஓரளவு சீக்கிரம் போகும். எந்தப் பாட்டிலானாலும் ஃபிரிட்ஜில்தான். வெளியே இருந்தால் சில நாளில் பூஞ்சை பிடிக்கும்.

ஜனவரி 15

இன்றைய சோதனைதான் படத்தின் தலையெழுத்தை மாற்றியது.

ஓர் அட்டையில் மூன்று பட்டை: வெள்ளைப் பருத்தித் துணி, கறுப்பு வெல்வெட், தோல் நிறச் சிலிகான். மூன்றிலும் நேற்றைய ரத்தம் ஒரு கரண்டி. அட்டையை அறை நடுவில் நிறுத்தி, விளக்கின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போனோம்.

நீலத்தில் ரத்தம் தார் போலக் கறுத்தது. பச்சையிலும் அதே கதை. காரணம் எளிது: சிவப்புச் சாயம் சிவப்பு ஒளியை மட்டும்தான் திருப்பி அனுப்பும், அந்த விளக்கில் சிவப்பே இல்லை. கலவையில் எவ்வளவு சாயம் கூட்டினாலும் பயன் கிடையாது. ஊதாவில், சிவப்பும் நீலமும் சேர்ந்திருப்பதால், ரத்தம் எரிகிற மாதிரி தெரிந்தது. ஆரஞ்சில் மங்கியது. வெள்ளையில் மட்டும் கிண்ணத்தில் இருந்த நிறம்.

கடைசியில் சிவப்பு. வெள்ளைத் துணியில் ரத்தம் காணாமல் போய்விட்டது. ஓரத்தில் ஈரம் மினுங்குவது தவிர எதுவுமில்லை. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைத் துணியும் சிவப்பு, ரத்தமும் சிவப்பு, பிறகு கேமரா எதைப் பிரித்துக் காட்டும்? அதே ரத்தம் கறுப்பு வெல்வெட்டில் பளிச்சென்று நின்றது.

கதையின் உச்சம் அந்தக் கறுப்பு அறையில், அந்தச் சிவப்பு ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைச் சவத்துணி போர்த்திய உருவத்தின்மீது நடக்கிறது. எல்லா ரத்தமும் மறையும் ஒரே இடம் அதுதான்.

முடிவு: ஒரு படத்துக்கு ஒரு ரத்தம் என்ற எண்ணத்தையே விடவேண்டும். வெள்ளைக்கும் ஊதாவுக்கும் அடிப்படைக் கலவை. ஆரஞ்சுக்கு நீலச் சாயம் 3 சொட்டிலிருந்து 12. பச்சைக்கு, ரத்தம் விழும் இடத்தில் மட்டும் பக்கவாட்டில் ஒரு சின்ன வெள்ளை விளக்கு. நீல அறையை அப்படியே விட்டுவிடலாம். முதல் கொலை அங்கேதான். தரையில் கிடப்பது கொட்டிய மை என்று விருந்தாளிகள் நினைத்து நடந்து போவார்கள். ஊதா அறைக்குள் நுழைந்ததும் அவர்கள் செருப்புத் தடம் சிவக்கும். இதற்கு ஒரு வரி வசனம்கூட வேண்டாம்.

ஜனவரி 16

ஊதாவுக்கும் வயலட்டுக்கும் கேமராவில் வித்தியாசம் காட்ட முடியவில்லை. ஆர்.ஜி.பி. விளக்கு உண்மையான வயலட்டைத் தராது, சிவப்பையும் நீலத்தையும் கலந்து ஏமாற்றும். வயலட் அறையில் கொலை வைக்கவில்லை. பாதி வெளிச்சம், ஆளில்லாத நாற்காலிகள், உருவம் கடந்து போகும் 4 விநாடி.

ஜனவரி 22

முகமூடி. நடிகரின் முகத்தில் அச்சு எடுக்கும் பசையான ஆல்ஜினேட், அதன்மேல் பிளாஸ்டர் பேண்டேஜ். மூக்குத் துவாரங்களைக் கவனிக்க என்றே ஒருவர் நிற்கவேண்டும். ஆல்ஜினேட் சில நிமிடத்திலேயே இறுகிவிடும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் அவகாசம் கூடும். அச்சில் பிளாஸ்டர் ஊற்றிப் பிரதி எடுத்து, அதன்மேல் களிமண்ணால் கன்னத்தையும் கண்குழியையும் ஒட்டவைத்து, மறுபடி அச்சு எடுத்து, உள்ளே லேடெக்ஸ் என்ற திரவ ரப்பர்.

லேடெக்ஸ் ஆறு பூச்சு, ஒவ்வொன்றும் காகிதம்போல் மெலிதாக. பால் வெள்ளை போய் மஞ்சள் கலந்த கண்ணாடி நிறம் வந்த பிறகே அடுத்தது. நேரமில்லை என்று கெட்டியாக ஒரே பூச்சு போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, கழற்றும்போது கிழியும். அச்சிலிருந்து எடுக்கும்முன் டால்கம் பவுடர் தூவாவிட்டால் லேடெக்ஸ் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பிரிக்க வராது. அணிபவருக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று முந்தைய நாளே தோலில் சோதிப்பது கட்டாயம்.

வெறும் அக்ரிலிக் பெயின்ட் வளையும் இடத்தில் உதிரும். லேடெக்ஸிலேயே நிறத்தைக் கலந்து பூசினால் நிற்கும். கண் ஓட்டையைத் தேவைக்குமேல் அகலமாக வெட்டி, அணிபவரின் இமையைச் சுற்றிக் கறுப்பு பூசவேண்டும். கண் தெரிந்தால் அது முகமூடி போட்ட ஆள். தெரியாவிட்டால்தான் பிணம்.

பிப்ரவரி 4

கத்தி மூன்று. அசையாத குளோசப்புக்கு முனை மழுக்கிய உலோகக் கத்தி. ஓடும்போதும் பாயும்போதும் ரப்பர் கத்தி. உடம்பில் பதிந்து நிற்பதற்குப் பாதியில் வெட்டிய அலகு. உள்ளே போகும் ஸ்பிரிங் கத்தியை நம்பவேண்டாம். ஸ்பிரிங் ஒருமுறை சிக்கினால் அது குச்சிதான், விலா எலும்பில் இறங்கும்.

கீறும் ஷாட்டுக்கு அலகின் பின்பக்கம் 4 மி.மீ. டியூப், சட்டைக் கைக்குள்ளால் 60 மி.லி. சிரிஞ்ச். இதற்கு மட்டும் ரத்தத்தில் நான்கில் ஒரு பங்கு தண்ணீர் கூடுதல். முதல் டேக்குகளில் ரத்தம் துப்பித் துப்பி வந்தது: டியூபில் காற்று. ஷாட்டுக்கு முன் நுனியில் ஒரு சொட்டு தெரியும்வரை அழுத்தி, துடைத்துவிட்டுத்தான் ‘ரோல்’ சொல்லவேண்டும். இரவுக் குளிரில் பாகு இறுகுவதால் சிரிஞ்சை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்திருப்பது நல்லது.

ரத்தம் படும் ஒவ்வொரு உடையும் மூன்று பிரதி. அதற்குமேல் டேக் கிடையாது. அந்தக் காட்சியில் சுத்தமான ஷாட் எல்லாம் முடிந்த பிறகே ரத்தம்.

பிப்ரவரி 12

கறுப்பு அறை. ஒயிட் பேலன்ஸ் (எதை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று கேமராவுக்குச் சொல்லும் அளவு) கைமுறையில் 5600 கெல்வின். ஆட்டோவில் விட்டால் கேமரா சிவப்பை ‘சரிசெய்ய’ முயன்று அறையைச் சாம்பலாக்கும். சென்சாரில் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் சிவப்பைப் பார்க்கிறது. சுத்தச் சிவப்பு வெளிச்சத்தில் மற்ற மூன்றும் அநேகமாகச் சும்மா இருக்கும், படம் மொழுக்கென்று வரும். மொத்த வெளிச்ச அளவு சரி என்று காட்டும்போதே சிவப்பு மட்டும் அளவு மீறி வெடித்திருக்கும். மூன்று நிறத்தின் அளவையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்.ஜி.பி. பரேடைப் பார்த்து ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, பின்பக்கத்திலிருந்து மங்கலான வெள்ளைக் கோடு ஒன்று தோளில் விழவைத்ததும் உருவம் திரண்டது.

சவத்துணிக்கு இரண்டு கறை. ஒன்று வழக்கமான சிவப்பு. இன்னொன்று சிவப்பே கலக்காத நீலப்பச்சை சாயம், நெஞ்சில் பெரிய திட்டாக, அதன்மேல் காய்ந்தபின் சிவப்புத் தெளிப்பு. வெள்ளை அறையில் இரண்டும் சேர்ந்து பழைய ரத்தமாகத் தெரிகிறது. சிவப்பு வெளிச்சத்துக்குள் வந்ததும் தெளிப்பு மறைந்து, அடியில் இருந்த திட்டு மட்டும் கறுப்பாக, துணியில் ஓட்டை விழுந்ததுபோல் நிற்கிறது. போவின் கதையில் துணியைப் பிடித்து இழுத்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. அந்த வெறுமை இங்கே முன்கூட்டியே கண்ணில் படுகிறது, கணினி வேலை எதுவுமில்லாமல்.

பிப்ரவரி 20

ஒலி. குத்துக்குத் தர்பூசணி, எலும்புக்கு செலரித் தண்டு, துணி நனைவதற்கு ஈரத் துவாலை. மூன்றையும் தனித்தனி டிராக்கில் வைத்து, எலும்பை இரண்டு ஃபிரேம் தள்ளிப் போட்டால்தான் அடி கனமாக விழுகிறது.

கறுப்பு அறையின் கருங்காலிக் கடிகாரம் ஒவ்வொரு மணிக்கும் அடிக்கும்போது இசைக்காரர்கள் நிறுத்துவார்கள், ஆடுகிறவர்களும் நிற்பார்கள். அந்த நிறுத்தத்தை வெறும் மௌனமாக விட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதுபோல் இருக்கிறது. அந்த அறையிலேயே, எல்லோரும் உள்ளே நிற்க, ஒரு நிமிடம் பதிந்த வெற்று ஒலியை அடியில் ஓடவிட்டதும் சரியாயிற்று. எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதில் கேட்கிறது.