தோளைத் தட்டினால் பேசும் வீட்டுக்காரர்

நேற்று ராத்திரியிலிருந்து தம்பி சிரித்து முடிக்கவில்லை. நான் இன்னும் சிரிக்கவே ஆரம்பிக்கவில்லை.

சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு சின்ன ஹாலில் பெங்களூரு பசங்க நாலு பேர் இம்ப்ரோவ் நாடகம் போட்டார்கள். எழுதி வைத்த வசனம் கிடையாது. நாம் கத்துவதை வைத்து அவர்கள் அங்கேயே நடிப்பார்கள். "காசையும் குடுத்துட்டு கதையையும் நாமளே சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு அத்தை சீரியல் பக்கம் திரும்பிவிட்டார். நியாயமான கேள்விதான்.

ஆரம்பத்தில் கண்ணாடி போட்ட பையன் ஒருவன் பாடமே எடுத்தான். சிகாகோவில் வயோலா ஸ்போலின் என்ற அம்மா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த விளையாட்டுகளிலிருந்து வளர்ந்ததாம் இதெல்லாம். அவர் மகனும் கூட்டாளிகளும் 1959இல் செகண்ட் சிட்டி என்று ஒரு அரங்கையே திறந்துவிட்டார்களாம். மேடையில் ஒருத்தர் என்ன சொன்னாலும் அடுத்தவர் மறுக்கக் கூடாது, 'ஆமாம்' என்று சொல்லி மேலே கட்டிக்கொண்டு போக வேண்டும். இந்த விதியைக் கேட்டதும் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அப்புறம் "ஒரு இடம் சொல்லுங்க" என்றார்கள். அஞ்சு ரோடு சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்னாலேயே ஹாரன் அடித்து ஊரைக் கூட்டுகிற ஜனம், அத்தனை பேரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். கடைசியில் பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "கக்கூஸ்!" அந்தப் பையன் முகத்தைப் பார்க்கணுமே. எல்லா ஊரிலும் முதலில் வருவது அதுதானாம்.

கேட்டால்தான் நமக்கு வாய் அடைக்கும். கேட்காவிட்டால் பாருங்கள். எங்கள் ஊர் குகை ஏரியாவில் ஆடி மாதம் சாமி வேஷக்காரர்களை வண்டியில் வைத்து ஊர்வலம் விடுகிற வண்டி வேடிக்கைக்கு, சிவன் வேஷம் போட்டு ஒருத்தர் அசையாமல் உட்கார்ந்து வருவார். மொட்டை மாடியிலிருந்து "அண்ணா, கழுத்துல பாம்பு நழுவுது" என்று சத்தம் வரும், சிவனும் சரி பண்ணிக்கொள்வார். ஓமலூர் பக்கம் அப்பாயி ஊரில் பகாசுரன் கூத்து நடந்தால், பீமன் வண்டி கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சோறு வாங்க வருவான். எங்கள் வாசலில் மட்டும் வண்டி நகராது. "போன வருஷம் குடுத்த குண்டானை எங்கடா?" என்று அப்பாயி பீமனையே நிறுத்திவைத்துவிடும். அவனும் கதையைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, "அது பாஞ்சாலி வீட்டுல இருக்குதுங்க ஆத்தா" என்பான். அவனுக்கு எந்த ஊர் அம்மா வந்து விளையாட்டு சொல்லிக்கொடுத்தார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'தூண்' என்று ஒரு ஆட்டம். பார்க்க வந்தவர்களில் இரண்டு பேரை மேடையின் இரண்டு பக்கமும் நிறுத்திவிடுவார்கள். நடிக்கிறவர் பாதி வசனத்தில் வந்து தோளைத் தட்டினால், தூண் தன் வாயில் வந்ததைச் சொல்லி முடிக்க வேண்டும். ஒரு தூண் காலேஜ் பெண். இன்னொரு தூண், மடியில் தட்டுவடை செட் பொட்டலத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர். ஒரு நாளைக்கு மூன்று 'ம்'முக்கு மேல் செலவழிக்காத மனுஷன். பொட்டலத்தை என்னிடம் கொடுக்கக்கூட இல்லை, அதோடேயே போய் நின்றார்.

இடம், நிலா. குட்டிப் பையன் ஒருத்தன் கத்தியது.

"கேப்டன்! நிலாவுல இறங்கின உடனே நம்ம கண்ணுல பட்டது..." தட்டினான்.

"கரண்ட் பில்."

ஹால் அதிர்ந்தது. காலேஜ் பெண் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

"ஐயையோ! நம்மகூட ராக்கெட்டுல ரகசியமா ஏறி வந்திருக்கறது..."

"மச்சினன்."

எனக்கு அடிவயிறு கலங்கியது. மச்சினன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான். சூரமங்கலத்தில் வாடகை வீடு கிடைக்கிற வரைக்கும் என்று பொங்கலுக்கு வந்தவன். அந்தப் பசங்களுக்கு இது எப்படித் தெரியும்? விதிப்படி 'ஆமாம், மச்சினன்தான்! ஆக்ஸிஜன் பூராத்தையும் அவனே இழுத்துட்டான்!' என்று கட்டிக்கொண்டு போனார்கள்.

"அவர் பூமிக்குத் திரும்பிப் போறது..."

தட்டுவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. "அதைத்தாங்க நானும் கேட்டுட்டிருக்கேன்."

விசில் அடித்த முதல் ஆள் என் தம்பி.

வெளியே வந்தபோது முன்பின் தெரியாத நாலு பேர் அவர் கையைக் குலுக்கினார்கள். ஒரு அம்மா என்னிடம், "வீட்லயும் இப்படித்தான் கலகலன்னு பேசுவாராங்க?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

வண்டியில் வரும்போது, "என்னங்க இப்படிப் பேசிட்டீங்க?" என்றேன்.

"தட்டினாங்க, சொன்னேன்."

காலையில் தம்பி பல் தேய்த்துக்கொண்டே வந்தான். "மாமா, அதே டீம் அடுத்த மாசம் ஏற்காட்டுல போடறாங்களாம். நம்ம மூணு பேருக்கும் டிக்கெட் எடுத்துட்டேன். அதைப் பாத்துட்டே வீடு தேடிக்கறேன்."

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ம்" என்றார்.