பகல் தூக்கத்துக்காகச் சுவரை மூடிய கதை

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஹாலில் டிவி அலறும். எனக்கோ ராத்திரி ஷிஃப்ட், பகலில் தூங்கியாக வேண்டும். நடுவில் இருப்பது நாலரை இஞ்சுச் செங்கல் சுவர்.

முதலில், முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமாக இருக்கும் கறுப்பு ஃபோமை ஆன்லைனில் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். தண்டம். அது அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். எதிரொலி போனதும் சீரியல் வசனம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது! பிய்த்தபோது பெயிண்டும் கூடவே வந்தது.

அப்புறம் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர் ஒருவரைப் பிடித்தேன். சுவரைத் தொடாமல் ஒரு இஞ்சு தள்ளி ஜிஐ சேனல் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுச் சட்டம்), அதற்குள் 50 மி.மீ. ராக்வுல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு), மேலே 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு என்று பேச்சு. ஒருநாள் வெளியூர் போய்விட்டு வந்தேன், முதல் அடுக்கு ஏறியிருந்தது. தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று வெற்று ஓசை. ஒரு போர்டைக் கழற்றச் சொன்னேன். உள்ளே தெர்மாகோல்! "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். எங்கே ஒன்று? தெர்மாகோல் சத்தத்தை உறிஞ்சாது, தீப்பிடித்தால் கொழுந்துவிட்டு எரியும். சண்டை போட்டு மாற்ற நாலு நாள் ஆனது. ராக்வுல் கட்டு வந்ததும் லேபிளில் அடர்த்தியைப் பாருங்கள், நான் கேட்டு வாங்கியது கன மீட்டருக்கு 48 கிலோ. வெறுங்கையால் தொடாதீர்கள், அரித்து எடுத்துவிடும்.

எல்லாம் முடிந்து படுத்தால், டிவி கேட்கிறது. அழுகையே வந்துவிட்டது.

அன்று ராத்திரி என் அறை விளக்கை அணைத்து, ஹால் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கதவுக்கடியில் ஒரு விரல் கனத்துக்கு வெளிச்சக் கோடு. சத்தம் வர அது போதாதா? சுவிட்ச் பிளேட்டைக் கழற்றினால் ஹால் பக்கத்துப் பெட்டியின் முதுகு தெரிகிறது. இரண்டு பெட்டிக்கும் ஒரே ஓட்டை. எலக்ட்ரீஷியனை வரவழைத்து மெயினை அணைத்து, பெட்டியைச் சுற்றி சீலன்ட் அடைத்தோம். கதவு நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங், கதவின் அடியில் டிராப் சீல் (கதவைச் சாத்தினால் கீழே இறங்கி இடுக்கை அடைக்கும் பட்டை). அரை நாள் வேலை. சுவருக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. இதை முதலில் செய்திருக்க வேண்டும்.

இப்போது டிவி வெறும் முணுமுணுப்பு. மேல்வீட்டு மிக்ஸி மட்டும் தளம் வழியாக இறங்கி வருகிறது, அதற்கு இந்தச் சுவர் ஒன்றும் செய்யாது. இன்னொன்று, அறையில் நாலு இஞ்சு போய்விடும், முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். என் பீரோ கதவு இப்போது முக்கால்வாசிதான் திறக்கிறது.